கரை நம்முடையது, காவல் யாருடையது?

ஆடிச் சாரலில் நனைந்தபடி தென்காசியிலிருந்து குற்றாலத்தை நோக்கிச் செல்வோர் அனைவருடைய கண்களும் மலையையே நாடுகின்றன. பேரருவியில் நீர் எவ்வளவு விழுகிறது, ஐந்தருவியில் ஐந்து கிளைகளும் தெரிகின்றனவா என்பதே எல்லாருடைய பேச்சும். அருவியில் விழுந்த நீர் பின்னர் எங்கே போகிறது, வழியில் யார் யார் அதைத் தடுத்து நிறுத்துகிறார்கள் என்று கேட்போர் சிலரே.

அந்நீர் சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டு, வழிநெடுக அணைக்கட்டுகளால் கால்வாய்களுக்கும் குளங்களுக்கும் பங்கிடப்பட்டு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. இம்மாவட்டத்து மலையடிவாரத்தில் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி ஆகிய அரசு அணைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பொறியாளர் உண்டு, காவலர் உண்டு, நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்கும் ஏடும் உண்டு. 36 அடி கொண்ட குண்டாறு அணை நிரம்பிவிட்டது என்றால் மறுநாளே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. ஆனால் அதே அடிவாரத்தில், தனியார் தோப்புகளுக்குள், ஓடையின் குறுக்கே மண்ணைக் குவித்துப் போடப்பட்ட சிறு கரைகளும் இருக்கின்றன. அவற்றின் நீர்மட்டம் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை. அத்தகைய ஒரு கரையைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம்.

தோப்புக்குள் ஒரு நீர்நிலை

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், நமக்குப் பல்லாண்டுகளாகப் பழக்கமான ஒரு குடும்பத்தார் தங்கள் தோப்பைப் பார்த்துப் போகுமாறு அழைத்தனர். தென்னையும் மாவும் செழித்த தோப்பு. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று அதன் நடுவே ஓடுகிறது. இன்றைய உரிமையாளரான இரு சகோதரர்களின் தாத்தா, கோடையில் தென்னைக்கு நீர் வேண்டி அந்த ஓடையின் குறுக்கே பன்னிரண்டடி உயரத்தில் ஒரு மண்கரை போட்டிருந்தார். கரைக்கு உள்ளே ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்பில் நீர் நின்றது. ஒரு முனையில் கருங்கல் பாவிய மறுகால். கரைக்குக் கீழே கூப்பிடு தொலைவில் முப்பது குடும்பங்கள் வாழும் ஒரு தெரு.

இளைய சகோதரருக்குப் புதிய திட்டம் ஒன்று இருந்தது. சீசனுக்கு வரும் பயணிகள் தங்க நான்கு சிறு வீடுகள், நீரில் ஒரு படகு. அதற்கு நீர் இன்னும் இரண்டடி உயர்ந்து நிற்க வேண்டும். ஆகவே மறுகாலில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார். கரையின்மேல் ஜீப் போக வேண்டும் என்பதற்காக உச்சியை ஓரடி சீவி அகலப்படுத்தவும் எண்ணியிருந்தார்.

“தாத்தா காலத்துக் கரை, அண்ணாச்சி. அறுபது வருசமா ஒரு தடவைகூட உடைஞ்சதில்லை. நம்ம நிலம், நம்ம கரை, யாரைக் கேக்கணும்?” என்றார் அவர்.

தோப்பில் நீர் பாய்ச்சும் முதியவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தார். நம்மைப் பாராமல் தம்பியைப் பார்த்தே பேசினார்: “மறுகாலை அடைச்சா தண்ணி சும்மா நிக்காது தம்பி. அதுவா ஒரு வழி பாத்துக்கிடும்.”

மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பிய பின்னரே, அந்த முதியவரின் ஒரு வாக்கியத்திற்கு உலகம் எத்தனை விலை கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம்.

மண் எவ்வாறு நீரைத் தாங்குகிறது?

ஓர் ஏக்கர் பரப்பில் சராசரி ஆறடி ஆழத்திற்கு நிற்கும் நீரின் எடை ஏறக்குறைய 7,400 டன். பத்து டன் ஏற்றும் லாரிகள் 740 வரிசையாக நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். இவ்வளவையும் தடுத்து நிறுத்துவது வெறும் மண். சிமெண்டு இல்லை, இரும்பு இல்லை. எனினும் மண்கரை பலவீனமானது என்று பொருளன்று. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உள்ளன. அவற்றின் கரைகள் மண்ணாலானவையே. பல நூற்றாண்டுகளாக நிற்கும் கரைகளும் அவற்றுள் உண்டு.

அவை நிற்பதற்குக் காரணம் முறை. நல்ல களிப்புள்ள மண்ணை அரையடி, முக்காலடி கனத்தில் பரப்பி, அளவாக ஈரமாக்கி, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்திய பின்னரே அடுத்த அடுக்கைப் போட்டனர். கரையின் இருபுறமும் செங்குத்தாக நில்லாமல், ஓரடி உயரத்திற்கு இரண்டடி அல்லது அதற்கும் மேலாகச் சரிவு விட்டனர். உட்சரிவில் அலை அரிக்காதிருக்கக் கல் பாவினர். வெளிச்சரிவில் மண் கரையாதிருக்கப் புல் வளர விட்டனர்.

மண்கரைக்கு இரு பகைவர். முதற்பகை மேலே வருவது. நீர் கரையுச்சியைத் தாண்டி வழியத் தொடங்கினால், வெளிச்சரிவின் மண்ணை அரித்துக் கீழிருந்து மேலாகத் தின்றுகொண்டே வரும். கல்லணை சிறிது நேரம் வழிவைத் தாங்கும், மண்ணணை தாங்காது. விரலளவு வாய்க்காலாகத் தொடங்கிய வழிவு, சிறிது நேரத்திலேயே கரையைப் பிளக்கும் உடைப்பாகிவிடும். இரண்டாவது பகை உள்ளே ஒளிந்து வருவது. எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று, மக்கிப்போன மர வேர், கரையினூடே பதித்த குழாயின் புறப்பகுதி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியே நீர் கசியும். கசியும் நீர் மண்துகளையும் உடன் கொண்டுவரத் தொடங்கினால், கரைக்குள் ஒரு துளை நாளுக்கு நாள் வளரும். வெளியே பார்ப்பவருக்குக் கரை உறுதியாகவே தோன்றும். உள்ளே அது குடைபட்டுக் கிடக்கும்.

முதற்பகையிடமிருந்து கரையைக் காப்பது மறுகால் ஒன்றே. பிற மாவட்டத்தார் கலிங்கு என்பதை நெல்லைச் சீமையார் மறுகால் என்கிறோம். எதிர்பாராத மழை பெய்யும்போது, மிகுந்த நீர் கரையைத் தொடாமல் வெளியேறுவதற்காக நம் முன்னோர் விட்ட வாசல் அது. ஆண்டில் முந்நூறு நாள் அது வேலையின்றிக் கிடப்பதுபோல் தோன்றும். வேலையின்றிக் கிடப்பதாக எண்ணியே பலர் அதை அடைக்கின்றனர், குறுக்குகின்றனர், அதன்மேல் வீடும் கட்டுகின்றனர்.

மலைநீர் வரும் வேகத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த காட்டாற்று வெள்ளத்தில், நீராடச் சென்ற 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலைமீது பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்போருக்குத் தெரிவதில்லை. அந்த வேகத்தில் வரும் நீர் ஒரு சிறு கரைக்குள் புகும்போது, மணல் மூட்டையை அகற்ற யாருக்கும் நேரம் இராது.

உடைமை யாருடையது?

“நம்ம நிலம், நம்ம கரை” என்ற சொல் புதிதன்று. ஜமீன்தார்கள் காலத்தில் நம் நாட்டுக் குளங்கள் பலவும் தனியார் உடைமையாகவே இருந்தன. தென்காசி வட்டாரத்தில் ஊத்துமலை, சொக்கம்பட்டி போன்ற ஜமீன்களை மூத்தோர் நன்கறிவர். 1948 ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே அத்தகைய குளங்கள் அரசின் பொறுப்பில் வந்தன. அக்காலத்தில் ஒரு ஜமீன் குளத்தின் கரை உடைந்து அயலாருக்குச் சேதம் விளைந்தால் பொறுப்பு யாருடையது? இக்கேள்வி இலண்டன் வரை சென்றது.

முதலில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1860 ஆம் ஆண்டு இலங்காஷயரில் ஆலை முதலாளி ஒருவர் தம் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். அதன் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. நீர் அவற்றின் வழியே இறங்கி அடுத்தவருடைய நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பிவிட்டது. ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் எனப்படும் அவ்வழக்கில் 1868 ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை முடிவு கூறியது. வெளியேறினால் தீங்கு விளைவிக்கக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவன், அதைத் தன் பொறுப்பிலேயே வைத்திருக்கிறான். அது வெளியேறித் தீங்கு செய்தால், அவனிடம் கவனக்குறைவு இல்லையாயினும் ஈடு செய்தாக வேண்டும் என்பதே அம்முடிவின் சாரம்.

சில ஆண்டுகளில் அதே நியாயத்தைக் காட்டி, சென்னை ரயில்வே கம்பெனி ஒரு வழக்குத் தொடர்ந்தது. அந்நாளில் வட ஆற்காட்டைச் சேர்ந்ததும் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளதுமான கார்வேட்டிநகர ஜமீனின் குளங்கள் பெருமழையில் உடைந்து, ரயில் பாதையைச் சேதப்படுத்தியிருந்தன. 1874 ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு நாம் பெருமையோடும் அச்சத்தோடும் படிக்க வேண்டிய ஒன்று. இந்நாட்டுக் குளங்கள் ஒருவருடைய சொந்த ஆதாயத்துக்காக மட்டும் உண்டானவை அல்ல. அவை தொன்றுதொட்டு வரும் பாசன ஏற்பாட்டின் பகுதி. மக்கள் வாழ அவை இன்றியமையாதவை. ஆகவே ஆலை முதலாளிக்குரிய கடும் விதி ஜமீன்தாருக்குப் பொருந்தாது. கவனக்குறைவு இருந்தாலொழிய அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை என்று அது கூறியது. ஜமீன்தார் வென்றார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரு தீர்ப்புகளும் முரண்படுவன போலத் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. குளம் ஜமீன்தாருடைய இன்பத்துக்காக இருப்பதன்று. அதைப் பேணிப் பழுதுபார்க்கும் கடமை அவர் தலைமேல் இருக்கிறது. அக்கடமையை ஆற்றியவருக்கே சட்டம் நிழல் தருகிறது. கடமையை ஆற்றாதவருக்கும், தம் மகிழ்ச்சிக்காக மட்டும் நீரைத் தேக்கியவருக்கும் அந்த நிழல் இல்லை. கரை ஒருவருடைய சொத்தாக இருக்கலாம். அதற்குக் கீழே வாழ்வோரின் உயிர் அவருடைய சொத்தன்று.

மகிழ்ச்சி ஏரியின் கதை

தனியார் மண்ணணை ஒன்று உடைந்ததால் நேர்ந்த பேரழிவுகளுள் உலகம் மறவாதது அமெரிக்க நாட்டின் ஜான்ஸ்டவுன் வெள்ளம். பென்சில்வேனியா மாநிலத்து மலைப்பகுதியில், கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் தேக்க அரசு கட்டிய 72 அடி உயர மண்ணணை அது. ரயில் வந்ததும் கால்வாய் பயனற்றுப் போயிற்று. அணையும் தனியாரிடம் விலைப்பட்டது. நீரை அடியிலிருந்து வெளியேற்றும் இரும்புக் குழாய்கள் பிடுங்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டன. பின்னர் செல்வந்தர் சங்கம் ஒன்று அதை வாங்கி, மீன் பிடிக்கவும் படகு விடவும் ஓர் ஏரியாக்கிற்று. குதிரை வண்டிகள் போவதற்காகக் கரையுச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பிப் போகாதிருக்க மறுகாலில் வலைத் தடுப்பு போடப்பட்டது. குழாய்களை மீண்டும் பதிப்பார் இல்லை.

1889 மே 31 அன்று பெருமழை பெய்தது. அடித்துவரப்பட்ட குப்பை கூளங்கள் வலைத் தடுப்பில் சிக்கி மறுகாலை அடைத்தன. நீர் தாழ்ந்திருந்த உச்சியைத் தாண்டியது; அணை உடைந்தது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரமும் வழியிலிருந்த ஊர்களும் அழிந்தன. மாண்டோர் 2,209 பேர். அச்சங்கத்தின்மீது தொடுத்த வழக்குகளில் ஒருவர்க்கும் ஈட்டுத்தொகை கிடைக்கவில்லை.

உச்சியைச் சீவியது வண்டிப் பாதைக்காக; மறுகாலை மறித்தது மீனுக்காக. இவ்வரிகளைப் படித்தபோது நம் கண்முன் நின்றது தென்காசித் தோப்பின் ஜீப் பாதையும் படகுமே.

அது பெரிய அணையாயிற்றே என்று சொல்லலாம். ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவாவில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 40 அடி உயரமே உடையது. அது ஒரு வேதாகமக் கல்லூரிக்கு உரியது. அக்கல்லூரியும் அதன் குடியிருப்புகளும் அணைக்குக் கீழேயே இருந்தன. 1977 நவம்பர் 6 அன்று, மழைக்குப் பின் நள்ளிரவு கடந்த வேளையில் அணை உடைந்து, உறங்கிக்கொண்டிருந்தோருள் 39 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். கரையின் வெளிச்சரிவில் மரங்கள் வளர்ந்திருந்ததும், சில ஆண்டுகளுக்கு முன்பே அச்சரிவில் ஒரு பகுதி நழுவியிருந்ததும் பின்னர் விசாரணையில் தெரியவந்தன. தீய எண்ணம் கொண்டோர் அங்கு எவரும் இல்லை. நல்லவர்களுடைய கரையும் உடையும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம். இவ்விபத்துக்குப் பின் அந்நாட்டு அரசு, உடைந்தால் உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய சுமார் 8,800 அணைகளைச் சோதித்தது. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று கண்டது.

அண்மைக் காலத்திலும் இது நின்றபாடில்லை. 2018 மே 9 இரவில், கென்யா நாட்டின் சோலாய் என்னும் இடத்தில், ஒரு தனியார் பண்ணையின் மண்ணணை மழையில் உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கீழே வாழ்ந்த ஏழைகளே பெரும்பாலும் இறந்தவர்கள்.

சட்டத்தின் கண் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் 2021 ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதனை, நெருக்கடிக்கால நடவடிக்கைத் திட்டம் என நல்ல ஏற்பாடுகள் அதில் உண்டு. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமும் நீளம், கொள்ளளவு முதலியவற்றில் சில தகுதிகளும் உடைய அணைகளுக்கும் உரியது. பன்னிரண்டடித் தோப்புக் கரையை அச்சட்டத்தின் கண் காண்பதில்லை. சட்டம் காணாததால் ஆபத்து இல்லையென்று ஆகிவிடாது. காண்பதற்கு வேறொருவர் இல்லை என்பதால், உடைமையாளரின் கண்ணே அங்குச் சட்டமாக வேண்டும்.

அதோடு, ஓடையும் அவருடையதன்று. இயற்கையான வாய்க்கால்களில் ஓடும் நீரைத் திரட்டவும் பங்கிடவும் அரசுக்குள்ள உரிமையை 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே காத்து வைத்திருக்கிறது. பட்டா நிலத்தின் நடுவே ஓடினாலும், பல ஓடைகள் வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்காகவே இருக்கின்றன. மலையோடைகளின் இயல்பான போக்கைத் திருப்பித் தனியார் விடுதிகளில் செயற்கை அருவிகள் அமைத்ததை எதிர்த்து எழுந்த வழக்கில், 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றின்மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

மேற்குளத்து மறுகால் நீரே கீழ்க்குளத்திற்கு வரத்து. தாமிரபரணி, சிற்றாற்றுப் பாசனமெங்கும் குளங்கள் இவ்வாறு சங்கிலிபோல் இணைந்து கிடக்கின்றன. மேலே ஒரு கரை உடைந்தால், அதன் முழு நீரும் ஒரே நேரத்தில் கீழ்க்குளத்தைத் தாக்கும், அதுவும் உடையக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. குளங்கள் பல உடைந்தன. கோரம்பள்ளம் குளத்தின் உடைப்பு தூத்துக்குடி மக்களைத் தவிக்கவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டதால், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் திருவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் அங்குச் சிக்கிக்கொண்டனர். கார்வேட்டிநகரத்து வழக்கு நடந்து 149 ஆண்டுகள் கழிந்த பின்னரும், நீருக்கும் ரயிலுக்கும் உள்ள கணக்கு மாறவில்லை.

கரையுடையோர் செய்ய வேண்டியவை

பெருங்குளமோ தோப்புக் கரையோ, பேணும் முறை ஒன்றுதான். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் அமைத்ததைக் கூறுகின்றன. ஊர் கூடிக் கரை பேணிய குடிமராமத்து முறையை நம் பாட்டனார் அறிவர். நம் வாசகக் குடும்பங்களுள் தோட்டமும் தோப்பும் உடையோர் பலர் என்பதால், பொறியாளர்களும் அனுபவமிக்க விவசாயிகளும் ஒப்புக்கொள்ளும் சிலவற்றை இங்கே குறிக்கிறோம்.

மறுகாலில் மூட்டை, பலகை, வலை, கல் எதையும் வைக்கலாகாது. மறுகால் மட்டத்திற்கும் கரையுச்சிக்கும் இடையே குறைந்தது மூன்றடி இருக்க வேண்டும். கரையுச்சி எங்கேனும் அமிழ்ந்திருந்தால், வண்டித் தடத்தாலோ மாட்டுத் தடத்தாலோ பள்ளம் விழுந்திருந்தால், மழைக்கு முன் மண்ணிட்டு இடித்து நிரப்ப வேண்டும். வெள்ளம் வரும்போது நீர் அந்தத் தாழ்ந்த இடத்தையே தேடிவரும்.

ஒடுங்கிய கரையில் மரம் வளர்க்கலாகாது. பனை வரிசை நிற்கும் பெருங்குளத்துக் கரையின் அகலம் வேறு. நம் தோப்புக் கரையின் அகலம் வேறு. கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவதும் தவறு. வேர் மக்கினால் அது நீருக்குத் திறந்த குழாயாகும். மரம் முற்றிவிட்டதென்றால் பொறியாளரைக் கேட்டே செய்ய வேண்டும். கரையினூடே புதிதாகக் குழாய் பதிப்பதையும் தக்கோரைக் கேட்காமல் செய்யலாகாது. குழாயைச் சுற்றியுள்ள மண் எளிதில் கெட்டிப்படுவதில்லை.

வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் நாள்தோறும், வெளிச்சரிவின் அடியில் நடந்து பார்க்க வேண்டும். தெளிந்த நீர் சிறிதளவு கசிந்தால் அளவைக் குறித்து வைத்துக் கவனிக்க வேண்டும். கசிவு பெருகினாலோ கலங்கி வந்தாலோ அது அபாய அறிவிப்பு. அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, கீழே வாழ்வோரை எழுப்பி மேட்டிற்கு அனுப்புவது. அடுத்தது, அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது. பின்னரே கரை. மடையைத் திறந்து நீரைப் படிப்படியாகக் குறைக்கலாம். கசியும் வாயைக் களிமண்ணால் அடைப்பது பெருந்தவறு. அடைபட்ட நீர் வேறிடத்தில் பீறிடும். மணலைப் பரப்பி அதன்மேல் சரளை போட்டால், நீர் வடியும், மண் நிற்கும். எந்நிலையிலும் கரையை நாமே வெட்டிவிடலாகாது. விரலகல வெட்டு நம் கையில் நில்லாது.

புரட்டாசியில் வந்த கடிதம்

அன்று தோப்பில் பேசாதிருந்தது நமக்கு உறுத்தலாகவே இருந்தது. ஜான்ஸ்டவுன் கதையை ஒரு தாளில் எழுதி, மூத்த சகோதரருக்கு அனுப்பினோம். அறிவுரை எதுவும் சேர்க்கவில்லை.

புரட்டாசியில் பதில் வந்தது. சகோதரர் இருவரும் பல நாள் வாதாடியிருக்கிறார்கள். போட்ட பணம், வங்கிக் கடன், சீசன் வருமானம் எல்லாம் பேசப்பட்டிருக்கின்றன. “நான் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன்,” என்று மூத்தவர் எழுதியிருந்தார். “கீழ்த்தெருவில் நாம் குடியிருந்து, மேலே வேறொருவர் இந்த மூட்டையை அடுக்கியிருந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். ‘அன்று இரவே போய்ப் பிடுங்கியிருப்பேன்’ என்றான். சொன்ன பிறகு அவனே எழுந்து போனான்.”

மணல் மூட்டைகள் அகற்றப்பட்டன. மறுகால் முன்னிருந்ததைவிட நான்கடி அகலப்படுத்தப்பட்டது. ஜீப் பாதை தோப்பின் ஓரமாக வளைந்து செல்கிறது. கரை பொறியாளர் ஒருவரிடம் காட்டப்பட்டிருக்கிறது. வெளிச்சரிவில் இருந்த இரண்டு பெருச்சாளி வளைகள் தோண்டி அடைக்கப்பட்டன. கீழ்த்தெருவில் மூன்று வீடுகளின் தொலைபேசி எண்கள் தோப்பு வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. நீர் இரண்டடி குறைந்ததால் கோடையில் படகு ஓடாது. அந்த வருமானம் போயிற்றே என்ற வருத்தம் தம்பிக்கு இன்னும் தீரவில்லை என்றும் மூத்தவர் மறையாமல் எழுதியிருந்தார். அது உண்மையான இழப்பே. அதை இழப்பதற்கு ஒப்பியதால்தான் அச்செயல் பெருமைக்குரியதாகிறது.

அன்புக் குடும்பங்களே, ஐப்பசி மழை தொடங்குமுன் நம் தோட்டத்துக் கரையை ஒருமுறை சுற்றி நடந்து வருவோம். கரையின் உட்புறம் நின்று நீரின் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், வெளிப்புறம் இறங்கி, கீழே தெரியும் வீடுகளையும் பார்த்துவிட்டு வருவோம்.